புழு தின்னாத மக்காச்சோளம்னு ஒண்ணு இருக்கா?

எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாம, படிக்க வசதியா திருத்தியிருக்கோம்.

[00:00] ஒரு வாய்ஸ் மெசேஜ்

போன மாசம் நம்ம கேட்பவர் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பெங்களூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, அப்பா மூணு ஏக்கர்ல மக்காச்சோளம் போடறாரு. விதைக்கடையில ஒரு பாக்கெட்டைக் காட்டி, இது புழு தாங்கும், மருந்துச் செலவு மிச்சம்னு சொல்றாங்களாம். விலை கூட. வாங்கலாமான்னு என்னைக் கேக்கறாரு. எனக்கு ஜாவா தெரியும், மக்காச்சோளம் தெரியாது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எனக்கும் தெரியாது. நானும் கோடு எழுதுற ஆள்தான். ஆனா கேள்வி மண்டையை விட்டுப் போகல. அதனால ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த ரெண்டு வார்த்தையைப் பத்திதான்: "புழு தாங்கும்." கேக்க ஒரே விஷயம் மாதிரி இருக்கு. உள்ள போய்ப் பாத்தா நாலஞ்சு வேற வேற விஷயம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. எதைச் சொல்றாங்கன்னு தெரியாம காசு குடுத்தா, நஷ்டம் அப்பாவுக்குத்தான்.

நமக்கு மக்காச்சோளம்னா பீச்ல கரியில சுட்டு, எலுமிச்சம்பழத்தால உப்பும் மிளகாப்பொடியும் தேச்சுக் குடுக்கிற கதிர். இல்லன்னா தியேட்டர் பாப்கார்ன். ஆனா தமிழ்நாட்டு மக்காச்சோளத்துல பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குத்தான் போகுது. நீங்க காலையில சாப்பிட்ட நாமக்கல் முட்டைக்குப் பின்னாடி ஒரு மக்காச்சோளக் காடு இருக்கு.

[03:10] யார் இந்தப் புழு?

2018க்கு முன்னாடி நம்ம ஊர்ல மக்காச்சோளத்துக்குப் பெரிய எதிரின்னா தண்டுத்துளைப்பான்தான். மானாவாரியில பெரிசா மருந்தடிக்காம எடுக்கிற பயிர்னு அதுக்கு ஒரு பேர் இருந்துச்சு. அதை மாத்தினது படைப்புழு.

இதோட பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016ல மேற்கு ஆப்பிரிக்காவுல தென்பட்டுச்சு. 2018 மே மாசம் கர்நாடகாவுல சிவமொக்கா பக்கம் மக்காச்சோள வயல்ல கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் தமிழ்நாட்டுக்குள்ள வந்துருச்சு. பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல்னு பல மாவட்டத்துல அந்தப் பருவத்துப் பயிர் அடி வாங்குச்சு. அரசு நிவாரணம் குடுக்கிற அளவுக்குப் போச்சு.

ஏன் இவ்வளவு வேகம்? இதோட அந்துப்பூச்சி காத்து சாதகமா இருந்தா ஒரே ராத்திரியில 100 கிலோமீட்டர் வரைக்கும் பறக்கும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுசுல ஆயிரத்துக்கு மேல முட்டை போடும். புழுவை அடையாளம் கண்டுபிடிக்க, தலையைப் பாருங்க: ஆங்கில ஒய் எழுத்தைக் கவுத்துப் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு. வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி.

இந்தக் கதைக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு. பெரிசான புழு மக்காச்சோளக் குருத்துக்குள்ள இறங்கி, தன் கழிவை மேல மரத்தூள் மாதிரி அடைச்சு வெச்சுட்டு உள்ள உக்காந்து தின்னும். அப்புறம் நீங்க மேல அடிக்கிற மருந்து அது மேல படறதே கஷ்டம். அதனாலதான் செடிக்குள்ளயே பாதுகாப்பு இருந்தா நல்லாருக்குமேன்னு எல்லாரும் ஆசைப்படறாங்க.

[06:00] "தாங்கும்"னா மூணு அர்த்தம்

1951ல ரெஜினால்ட் பெயின்டர்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியல் விஞ்ஞானி, பயிர்கள் பூச்சியை எப்படி எதிர்க்குதுன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல எதிர்ப்புத்திறனை மூணா பிரிச்சார். இன்னைக்கும் அதைத்தான் அடிப்படையா வெச்சுப் பேசறாங்க.

ஒண்ணு, விரும்பாமை. பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்கவே பிடிக்காது. முட்டை போட வராது, வந்தாலும் தின்ன ஆரம்பிக்காது.

ரெண்டு, உயிர் எதிர்ப்பு. தின்னும், ஆனா தின்ன புழு வளராது. செத்துப்போகும், இல்ல நோஞ்சானா நிக்கும்.

மூணு, தாங்குதிறன். புழு நல்லாவே தின்னும், நல்லாவே வளரும். ஆனா செடி மறுபடி துளிர்த்து மகசூல் குடுத்துரும்.

கடைக்காரர் சொன்ன "தாங்கும்" இதுல எது? மூணாவதுன்னா, வயல்ல புழு இருக்கும், இலை எல்லாம் ஓட்டையா இருக்கும். அதைப் பாத்துப் பதறி அப்பா மருந்தடிச்சார்னா, கூடுதலா குடுத்த விதைக் காசும் போச்சு, மருந்துக் காசும் போச்சு.

தாங்குதிறனைச் சாதாரணமா நினைக்க வேண்டாம். ஜிம்பாப்வேயில ரெண்டு மாவட்டத்துல வயல் வயலா போய் அளந்து 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 32 முதல் 48 சதவீதம் செடிகள்ல படைப்புழு பாதிப்பு. ஆனா மகசூல் இழப்பு சுமார் 12 சதவீதம்தான். அதுக்கு முன்னாடி கானா, ஜாம்பியா விவசாயிகள்கிட்ட கேட்டு எடுத்த கணக்குல 40 சதவீதத்துக்கு மேல இழப்புன்னு வந்திருந்துச்சு. இடம் வேற, வருஷம் வேற, அதனால நேரா ஒப்பிட முடியாது. ஆனா ஒண்ணு புரியுது. இலையில தெரியிற சேதமும் மூட்டையில குறையிற எடையும் ஒண்ணு இல்ல. இளம் பருவத்துல இலை போனா மக்காச்சோளம் ஓரளவு ஈடுகட்டிக்கும். புழு கதிருக்குள்ள போயிருச்சுன்னா அது வேற கதை.

[09:40] செடிக்குள்ள ஒரு எம்-சீல்

சரி, உயிர் எதிர்ப்புக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

வீட்டுல பைப் ஒழுகினா எம்-சீல் வாங்குவோம். ரெண்டு தனித்தனி உருண்டை. தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சும்மா களிமண் மாதிரி. சேத்துப் பிசைஞ்சாதான் கல்லாகும். மக்காச்சோளமும் இதே வேலையைத்தான் பண்ணுது. டிம்போவான்னு ஒரு விஷப்பொருள். செடி அதை அப்படியே வெச்சிருந்தா செடிக்கே ஆபத்து. அதனால ஒரு சர்க்கரை மூலக்கூறை அதோட ஒட்டி, சாதுவான வடிவத்துல செல்லுக்குள்ள ஒரு அறையில பூட்டி வெச்சிருக்கு. அந்தச் சர்க்கரையை வெட்டி எடுக்கிற என்சைம் இன்னொரு அறையில இருக்கு. புழு கடிச்சதும் சுவர் உடைஞ்சு ரெண்டும் கலக்குது. விஷம் அந்த நொடியில, அந்தக் கடிவாய்லயே தயாராகுது.

ஐரோப்பிய தண்டுத்துளைப்பான்னு ஒரு பூச்சி அமெரிக்காவுல பெரிய தொல்லை. அது இளஞ்செடியைத் தின்றதைச் சில ரகங்கள் தடுக்கிறதுக்கு டிம்போவாதான் காரணம்னு 1960கள்லயே கண்டுபிடிச்சாங்க. ரகத்துக்கு ரகம் இதோட அளவு ரொம்ப மாறும். செடி வளர வளர அளவு குறைஞ்சுகிட்டே போகும். அதாவது "இந்த ரகம் புழு தாங்கும்"ங்கிறதுல எத்தனை நாள் செடின்னும் சேத்துக் கேக்கணும்.

நம்ம படைப்புழு என்ன பண்ணுது தெரியுமா? செடி வெட்டி எடுத்த அந்தச் சர்க்கரையை, தன் குடலுக்குள்ள திரும்ப ஒட்டுது! அதுவும் செடி ஒட்டியிருந்த திசையில இல்ல, எதிர்த் திசையில. அதனால செடியோட என்சைம் அதை மறுபடி வெட்ட முடியாது. விஷம் மறுபடி சாது. இதைப் படிச்சப்போ எனக்குக் கை தட்டத் தோணுச்சு, கூடவே வயித்தையும் கலக்குச்சு. ஒரு பூச்சிக்கு எதிரா வேலை செய்யிற கவசம் இன்னொரு பூச்சிக்கு எதிரா வேலை செய்யாது. தண்டுத்துளைப்பான் தாங்குற ரகம் படைப்புழுவையும் தாங்கும்னு நம்பறது தப்பு.

[13:20] கரீபியன் தீவிலிருந்து ஒரு விதை

அப்போ படைப்புழுவுக்கு எதிரா எதுவுமே இல்லையா? இருக்கு. அது இருக்கிற இடம் முக்கியம். மக்காச்சோளத்தை மெக்சிகோ மக்கள் டியோசின்டேங்கிற புல்லுல இருந்து சுமார் 9000 வருஷத்துக்கு முன்னாடி உருவாக்க ஆரம்பிச்சாங்க. படைப்புழுவும் அதே மண்ணுலதான் இருந்துச்சு. ரெண்டும் ஆயிரக்கணக்கான வருஷம் சண்டை போட்ட இடம் மெக்சிகோவும் கரீபியனும்தான். ஆயுதம் இருந்தா அந்த ஊர் நாட்டு ரகங்கள்லதான் இருக்கணும்.

அப்படித்தான் கிடைச்சுது. கரீபியன் தீவான ஆன்டிகுவாவோட மக்காச்சோளத்தை வெச்சு அமெரிக்க விவசாயத் துறையோட மிசிசிப்பி ஆய்வாளர்கள் சில வரிசைகளை உருவாக்கினாங்க. எம்பி708ங்கிறது அதுல ஒண்ணு. படைப்புழு அதோட குருத்தைக் கடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள, கடிவாய்ல ஒரு புரதம் சேர ஆரம்பிக்குது. புழுவோட குடலுக்குள்ள உணவைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதுதான் குடலுக்குப் பாதுகாப்பு. இந்தப் புரதம் அந்தச் சவ்வை ஓட்டை ஓட்டையா அரிச்சுரும். புழு உடனே சாகாது, ஆனா வளர்ச்சி படுத்துரும். மெதுவா வளர்ற புழு குறைவா தின்னும், பறவைக்கும் குளவிக்கும் அதிக நாள் வெளியில தெரியும்.

இன்னொண்ணு மெக்சிகோவோட ஓஹாகா பக்கத்து நாட்டு ரகம், சபலோட்டே சிக்கோ. அது கதிரைத் தின்ற வேற ஒரு புழுவுக்கு எதிரானது. அந்தப் புழு கதிரோட நுனியில இருக்கிற பட்டு நூல் வழியாத்தான் உள்ள போகும். இந்த ரகத்தோட பட்டு நூல்ல மேசின்னு ஒரு பொருள் இருக்கு, அதைத் தின்ற புழு வளராது. 1979ல கண்டுபிடிச்சாங்க. போதாக்குறைக்கு மேல் மடலும் இறுக்கமா மூடியிருக்கும். வாசல்ல பூட்டு, வழியில விஷம்.

[17:00] உதவி கேட்டுக் கூப்பிடுற செடி

இப்போ சொல்லப்போறது எனக்குத் தூக்கம் வராம பண்ண விஷயம்.

புழு தின்னும்போது மக்காச்சோளம் காத்துல ஒரு வாசனையை விடும். அந்த வாசனையைப் பிடிச்சுகிட்டு குட்டிக் குளவிகள் வந்து, புழு உடம்புக்குள்ள முட்டை போடும். புழு செத்துரும். 1990ல இதைத் தெளிவா காட்டினாங்க. கத்தரியால இலையை வெட்டினா அந்த அளவுக்கு வாசனை வராது. வெட்டின இடத்துல புழுவோட எச்சிலைத் தடவினா வருது. 1997ல எச்சில்ல இருக்கிற அந்தப் பொருளையே பிரிச்சு எடுத்துட்டாங்க. அதாவது செடிக்கு "கிழிஞ்சுது"ங்கிறதும் "தின்றாங்க"ங்கிறதும் வேற வேறன்னு தெரியும்.

மண்ணுக்குக் கீழயும் இதே கதை. வேரைத் தின்ற வண்டுப் புழு கடிச்சா, வேர் ஒரு பொருளை மண்ணுல விடும். அதை மோப்பம் பிடிச்சு நூற்புழுக்கள் வந்து வண்டுப் புழுவைக் கொன்னுரும். 2005ல வெளிவந்த ஆய்வு இது. அதுல இருந்த இன்னொரு வரி: ஐரோப்பிய ரகங்களும் காட்டு மூதாதையான டியோசின்டேவும் இந்தப் பொருளை விடுது. ஆனா வட அமெரிக்க ரகங்கள்ல பெரும்பாலானது விடறதில்ல.

பல தலைமுறையா மகசூலையும் தண்டு உறுதியையும் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்தவங்க, செடி உதவி கேட்டுக் கூப்பிடுதான்னு பாக்கல. அப்படி ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது. யாரும் பாக்காத திறமை நடுவுல எங்கயோ தொலைஞ்சு போச்சு. டெஸ்ட் எழுதாத ஃபீச்சர் எப்போ உடைஞ்சுதுன்னே தெரியாம போகும்ல, அந்த மாதிரி.

2009ல ஒரு குழு, ஆரிகானோ செடியோட மரபணுவை அந்த மாதிரி மக்காச்சோளத்துல வெச்சாங்க. ஆமா, பீட்சா மேல தூவற அதே ஆரிகானோதான். குரல் திரும்ப வந்துச்சு. வயல்ல வேர்ச் சேதம் குறைஞ்சுது, வெளிய வந்த வண்டுகள் 60 சதவீதம் குறைவு. ஆனா 2013ல வந்த தொடர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுச்சு. புழு இருந்தாலும் இல்லாட்டியும் எந்நேரமும் வாசனை விட்டுகிட்டே இருக்கிற செடி சரியா முளைக்கல, மகசூலும் குறைஞ்சுது, வேற பூச்சிகளும் மோப்பம் பிடிச்சு வந்துச்சு. எந்தக் கவசமும் இலவசம் இல்ல. தேவைப்படும்போது மட்டும் போடற கவசம்தான் கட்டுப்படியாகும்.

[21:30] ஒரே பூட்டு

இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம், ஒரே அடியா புழுவைக் கொல்ற மரபணுவை வெச்சுட்டா என்ன? அதுதான் பிடி மக்காச்சோளம். மண்ணுல வாழற ஒரு பாக்டீரியாவோட மரபணு அது. அதோட புரதத்தைத் தின்ன புழுவோட குடல் சிதைஞ்சு போகும். அமெரிக்காவுல 1996ல வணிகத்துக்கு வந்துச்சு, பல வருஷம் பிரமாதமா வேலையும் செஞ்சுது.

ஆனா 2006ல புவேர்ட்டோ ரிக்கோவுல, கிரை1எஃப்னு ஒரே ஒரு பிடி புரதம் இருந்த மக்காச்சோளத்தைப் படைப்புழு சாதாரணமா தின்ன ஆரம்பிச்சுது. அங்க அந்த விதை விற்பனையை நிறுத்த வேண்டியதாச்சு. பிரேசில்லயும் பின்னாடி இதே புரதம் தோத்துச்சு. ஆயிரத்துல ஒரு புழுவுக்கு இயல்பாவே அந்தப் புரதம் ஒட்டாத குடல் இருந்தா போதும். மத்ததெல்லாம் செத்துட்டா, அடுத்த தலைமுறை முழுக்க அதோட வாரிசுதான். எல்லா வயல்லயும் ஒரே பாஸ்வேர்டு வெச்ச மாதிரி. நம்ம ஊர் பிடி பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு உடைச்சதும் இதே வழியிலதான்.

ஒரு முக்கியமான தகவல்: இந்தியாவுல பிடி மக்காச்சோளத்தை விவசாயிகள் பயிரிட அனுமதி இல்ல.

இதுக்கு நேர் எதிரான வழியும் நடக்குது. மெக்சிகோவைத் தலைமையிடமா வெச்ச சிம்மிட்ங்கிற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம், கென்யாவுல கிபோகோங்கிற ஊர்ல வலைக்கூண்டு வயல்கள் வெச்சிருக்கு. ஆய்வகத்துல படைப்புழுவை வளர்த்து, ஒவ்வொரு செடியிலயும் வேணும்னே விடுவாங்க. இலைச் சேதத்துக்கு 1 முதல் 9 வரைக்கும் மார்க். ஆயிரக்கணக்கான ஒட்டு ரகங்களை இப்படிச் சலிச்சு எடுத்து, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவுக்கு மூணு வீரிய ஒட்டு ரகங்களை 2020 டிசம்பர்ல அறிவிச்சாங்க. நான் சொன்ன மெக்சிகோ, கரீபியன் வழி வந்த சொத்து அதுக்குள்ள இருக்கு. அதுல ஒரே மரபணு இல்ல, சின்னச் சின்னதா பல மரபணு சேந்து வேலை செய்யுது. புழுவால ஒரே ராத்திரியில இதை உடைக்க முடியாது. ஆனா பலன் முழுசாவும் இருக்காது. அவங்களே அதுக்கு வெச்ச பேர் "படைப்புழு தாங்கும் ரகம்"தான். "புழு வராத ரகம்"னு சொல்லல.

[25:40] அப்போ பாக்கெட்டை வாங்கலாமா?

நம்ம நண்பருக்கு நான் அனுப்பின பதிலை அப்படியே சொல்றேன்.

முதல்ல, விதையோட நிறத்தைப் பாருங்க. சிவப்பு, பச்சை, நீலம்னு சாயம் ஏத்தியிருந்தா அதுல விதை நேர்த்தி மருந்து இருக்கு. பாக்கெட்டுல மருந்து பேரும் போட்டிருக்கும். "புழு தாங்கும்"னு அவங்க சொல்றது பெரும்பாலும் இதுவா இருக்கலாம். அது நல்ல விஷயம்தான், ஆனா முளைச்ச முதல் சில வாரத்துக்கு மட்டும். அது மருந்தோட குணம், ரகத்தோட குணம் இல்ல. மிச்ச விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுராதீங்க.

ரெண்டாவது, யாராவது ரகசியமா "இது பிடி"ன்னு சொன்னா திரும்பி வந்துருங்க. அனுமதி இல்லாத விதை. முளைக்கலன்னா புகார் குடுக்கக்கூட வழி இருக்காது.

மூணாவது, உண்மையிலேயே ரகத்தோட குணம்னு சொன்னா நாலு கேள்வி கேளுங்க. எந்தப் புழுவுக்கு, தண்டுத்துளைப்பானுக்கா படைப்புழுவுக்கா? எந்த வயசுச் செடியில? புழு வராதா, வந்து வளராதா, இல்ல வந்தாலும் மகசூல் குறையாதா? யார் சோதிச்சாங்க? பதில் இல்லன்னா, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துல, அதான் கேவிகே, அந்த ரகத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க.

நாலாவது, நம்ம தொழில்ல பண்றதையே பண்ணலாம்: ஏ/பி டெஸ்ட். அரை ஏக்கர் புது விதை, மீதி வழக்கமான விதை. அதே நாள் விதைப்பு, அதே உரம். வாரம் ஒரு தடவை வயல்ல டபிள்யூ எழுத்து மாதிரி நடந்து, ரெண்டு பக்கமும் எத்தனை செடியில புதுசா குருத்து தின்னிருக்குன்னு எண்ணுங்க. கடைசியில ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க. இலையைப் பாத்து முடிவெடுக்காதீங்க, மூட்டையைப் பாருங்க.

எந்த ரகம் வாங்கினாலும் மத்த வேலை குறையாது. கோடை உழவு ஓட்டினா மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழு வெளிய வந்து வெயில்லயும் பறவைகிட்டயும் மாட்டும். கடைசி உழவுல வேப்பம் புண்ணாக்கு, ஊடுபயிரா உளுந்து, வரப்புல தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி. ஊர்ல எல்லாரும் ஒரே சமயத்துல விதைக்கிறது. தாங்குற ரகம் இதுக்கெல்லாம் மேல இன்னொரு அடுக்குதான்.

ரெண்டு நாள் கழிச்சு அவர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. எல்லாத்தையும் அப்பாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டினாராம். அப்பா கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு, "அரை ஏக்கர்ல போட்டுப் பாக்கிறதெல்லாம் உங்க தாத்தா காலத்துல இருந்து பண்றதுதான்டா. அந்த நாலு கேள்வியை மட்டும் வாட்ஸப்புல அனுப்பு, கடைக்குப் போறப்போ வேணும்"னு சொன்னாராம்.

அனுப்பிட்டார். அறுவடை முடிஞ்சு ரெண்டு பக்கத்து எடையும் வந்தா இங்கேயே சொல்றேன். உங்க வீட்டுலயும் இந்த மாதிரி கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.